எந்த வெப்பநிலையில் எந்தப் படிகம் நிலைக்கும்? கால்குலேட்டரில் ஒரு பக்கக் கணக்கு

ஒரே தனிமத்துக்கு இரண்டு படிக அமைப்புகள் இருந்தால் எது நிலையானது? எம்.எஸ்சி. வகுப்பில் இதைக் கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில், "எதற்கு ஆற்றல் குறைவோ அது." பூஜ்ய கெல்வினில் அந்தப் பதில் கிட்டத்தட்டச் சரி. நம் மேசை மேல் இருக்கும் பொருளோ 300 கெல்வினில் இருக்கிறது. அதற்குள் ஒவ்வோர் அணுவும் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த அதிர்வையும் கணக்கில் சேர்த்தால் தீர்ப்பு பல நேரம் தலைகீழாகிவிடும்.

நான் ஆண்டுதோறும் திடநிலை இயற்பியல் பாடம் எடுக்கிறவள். ப்ராஜெக்ட் காலம் வந்ததும் பிள்ளைகள் நேரே மென்பொருளைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 முதல் 'பரம் பொருள்' சூப்பர் கணினி இருக்கிறது, ஆய்வகத்தில் நல்ல கணினிகளும் வந்துவிட்டன. சந்தோஷம்தான். ஆனால் இரண்டு நாள் ஓடி வந்த எண் சரியா, பத்து மடங்கு பிசகா என்று சொல்லத் தெரியாவிட்டால் அந்த ஓட்டத்தால் என்ன பயன்? அதனால் என் மாணவர்களிடம் நான் விடாமல் கேட்பது ஒன்று: கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு பக்கம் கையால் கணக்குப் போட்டுக் கொண்டு வா. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எடுத்துக்காட்டு வெள்ளீயம்.

வெள்ளீயம் ஏன்?

இதில் நடக்கும் மாற்றத்துக்கு உலை தேவையில்லை. 13.2 டிகிரி செல்சியஸ், அதாவது 286 கெல்வின், இதுதான் எல்லை. அதற்கு மேலே நிலையானது பீட்டா வடிவம். வெள்ளி நிறம், உலோகம், வளைத்தால் வளையும். வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு நல்ல வெள்ளீயத்தில் வார்த்ததாக இருந்தால், அது முழுக்க இந்த பீட்டாதான். எல்லைக்குக் கீழே நிலையானது ஆல்ஃபா வடிவம். சாம்பல் நிறம், வைரத்தின் அதே அமைப்பு, அழுத்தினால் பொடியாகும். பீட்டாவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.29 கிராம், ஆல்ஃபாவுக்கு 5.77 மட்டுமே. ஒன்று மற்றொன்றாக மாறும்போது கன அளவு சுமார் 26 விழுக்காடு உப்பும். உலோகம் அதைத் தாங்காது, பொருபொருவென்று உதிர்ந்துவிடும்.

குளிர்நாடுகளில் இது பழைய தொல்லை. ஜெர்மனியின் ஸைட்ஸ் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் குழல்கள் இப்படிக் கெட்டதை 1851-இல் எழுதி வைத்திருக்கிறார்கள். 1868 குளிர்காலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சுங்கக் கிடங்கில் வெள்ளீயக் கட்டிகள் பொடியாகிக் கிடந்ததும் பதிவாகியிருக்கிறது. நெப்போலியன் படையின் சட்டைப் பொத்தான்கள் ரஷ்யக் குளிரில் உதிர்ந்த கதை இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. உங்கள் அறிக்கையின் முன்னுரையில் தயவுசெய்து அதைச் சேர்க்காதீர்கள்.

முதலில் பிணைப்பைப் பாருங்கள்

எண்களுக்குப் போவதற்கு முன் ஒவ்வோர் அமைப்பிலும் ஓர் அணுவுக்கு எத்தனை அண்டை, எவ்வளவு தூரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபாவின் அலகுக்கூடு (படிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி) ஒரு கனசதுரம், பக்கம் 6.489 ஆங்ஸ்ட்ராம். அண்டை அணுக்கள் நான்கு, தூரம் 2.81 ஆங்ஸ்ட்ராம். திசை தவறாத சகப்பிணைப்பு, விறைப்பானது. பீட்டாவில் நான்கு அண்டைகள் 3.02 ஆங்ஸ்ட்ராமிலும், இன்னும் இரண்டு 3.18 ஆங்ஸ்ட்ராமிலும் இருக்கின்றன. அண்டை அதிகம், பிணைப்பு நீளம், ஒவ்வொரு பிணைப்பும் தளர்வு. தளர்ந்த பிணைப்பு மெதுவாக அதிரும், அகலமாக அதிரும். ஆகவே பீட்டாவின் அதிர்வெண்கள் குறைவாக இருக்கும் என்று இப்போதே ஊகிக்கலாம்.

இதை வைத்து "இடைவெளி அதிகமுள்ள அமைப்புதான் தளர்வாக அதிரும்" என்றோ, அதற்கு நேர் எதிராகவோ ஒரு விதி எழுதிவிடாதீர்கள். வெள்ளீயத்தில் இடைவெளி அதிகமுள்ள ஆல்ஃபாதான் விறைப்பு. டைட்டானியத்தில் நெருக்கம் குறைந்த பொருள்மையக் கனசதுரம்தான் (மூலைகளிலும் நடுவிலும் அணு உள்ள அமைப்பு) தளர்வு. ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகப் பார்த்தே ஆகவேண்டும்.

ஆற்றல் இடைவெளியை வெப்ப ஆற்றலோடு ஒப்பிடுங்கள்

வெப்ப இயக்கவியல் அட்டவணையில் 298 கெல்வினுக்கான மதிப்பை எடுங்கள். பீட்டாவைவிட ஆல்ஃபாவின் என்தால்பி (சாதாரண அழுத்தத்தில் திடப்பொருளுக்கு உள் ஆற்றல் என்றே கொள்ளலாம்) மோலுக்குச் சுமார் 2.1 கிலோஜூல் குறைவு. ஓர் அணுவுக்குக் கணக்கிட்டால் 22 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கினால் வருவது 25 அல்லது 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு!

இந்த ஒப்பீட்டை எந்தப் பொருளுக்கும் முதல் வேலையாகச் செய்யுங்கள். இடைவெளி வெப்ப ஆற்றலைப்போல் பல மடங்கு என்றால் அதிர்வால் பெரும்பாலும் எதையும் புரட்டிப்போட முடியாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் முடிவு அதிர்வின் கையில்.

என்ட்ரோபிக்கு ஒரே ஒரு மடக்கை

நிலைத்தன்மையைத் தீர்மானிப்பது கட்டிலா ஆற்றல். உள் ஆற்றலிலிருந்து வெப்பநிலை, என்ட்ரோபி இரண்டின் பெருக்கலைக் கழித்தால் அது கிடைக்கும். என்ட்ரோபியை 'ஒழுங்கின்மை' என்று மட்டும் படித்து வருகிற பிள்ளைகள் இந்த இடத்தில் திணறுகிறார்கள். இரண்டும் ஒழுங்கான படிகங்கள்தானே, இதில் ஒழுங்கின்மை எங்கே வந்தது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இங்கே என்ட்ரோபி என்பது, கையிலிருக்கும் வெப்பத்தை அதிர்வுகளுக்குள் எத்தனை விதமாகப் பங்கிடலாம் என்பதன் அளவு. அதிர்வெண் குறைந்தால் ஆற்றல் படிகள் நெருங்கி வரும். படிகள் நெருங்கினால் அதே வெப்பத்துக்குப் பங்கிடும் வழிகள் பெருகும்.

ஒரு படிகத்தின் அதிர்வெண்கள் எவ்வளவு உயர்ந்தவை என்பதை வெப்பநிலையாகச் சொல்லும் எண் டிபை வெப்பநிலை. விறைப்பான படிகத்துக்கு அது அதிகம். அதைவிட உண்மையான வெப்பநிலை அதிகமாக இருக்கும்போது கணக்கு அழகாகச் சுருங்கிவிடுகிறது. ஒவ்வோர் அதிர்வு வகையின் என்ட்ரோபியிலும் வெப்பநிலைக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கை வரும். இரண்டு அமைப்புகளின் வித்தியாசத்தை எடுத்தால் வெப்பநிலை அடிபட்டுப் போகும், அதிர்வெண் விகிதம் மட்டும் மிஞ்சும். அணுவுக்கு மூன்று அதிர்வு வகைகள் என்பதால்:

என்ட்ரோபி வித்தியாசம் = 3 × வாயு மாறிலி × மடக்கை (ஆல்ஃபாவின் டிபை வெப்பநிலை ÷ பீட்டாவின் டிபை வெப்பநிலை)

வாயு மாறிலி 8.314, அதன் மூன்று மடங்கு 24.94. தாழ்வெப்பநிலை அளவீடுகளிலிருந்து புத்தகங்கள் தரும் டிபை வெப்பநிலை ஆல்ஃபாவுக்கு 260 கெல்வின், பீட்டாவுக்கு 200 கெல்வின். விகிதம் 1.3. கால்குலேட்டரில் 'எல்என்' பொத்தானை அழுத்துங்கள், 'லாக்' பொத்தானை அல்ல. 0.262 வரும். 24.94-ஆல் பெருக்கினால் மோலுக்கு, கெல்வினுக்கு 6.54 ஜூல்.

பீட்டா உலோகம், அதனால் எலக்ட்ரான்களின் பங்கும் கொஞ்சம் உண்டு. தாழ்வெப்பநிலைத் தன்வெப்ப அளவீட்டில் கிடைக்கும் எலக்ட்ரான் கெழு 1.78 மில்லிஜூல். அதை 286-ஆல் பெருக்கினால் 0.51 ஜூல். ஆல்ஃபாவில் இந்தப் பங்கை விட்டுவிடலாம்.

மொத்தம் 7.05 ஜூல். இப்போது அட்டவணையைத் திறந்து பாருங்கள். 298 கெல்வினில் பீட்டாவின் என்ட்ரோபி 51.18, ஆல்ஃபாவுக்கு 44.14. வித்தியாசம் 7.04.

வகுப்பில் கரும்பலகையில் இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்து வந்து நிற்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வேறொரு நல்ல புத்தகம் பீட்டாவுக்கு 170 கெல்வின் என்கிறதே? அதைப் போட்டால் 6.54 இருந்த இடத்தில் 10.6 வரும். எதை நம்புவது?

டிபை வெப்பநிலை, எந்த அளவீட்டிலிருந்து எடுத்தோம் என்பதைப் பொறுத்து மாறும் எண். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அளந்த தன்வெப்பம் நீண்ட அலைநீள ஒலி அதிர்வுகளை மட்டுமே பார்க்கிறது. அறை வெப்பநிலை என்ட்ரோபியில் எல்லா அதிர்வுகளும் பங்கெடுக்கின்றன. ஆகவே என்ட்ரோபி மதிப்பு கிடைக்கிற இடத்தில் அதிலிருந்தே டிபை வெப்பநிலையைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். என்ட்ரோபியை 24.94-ஆல் வகுத்து, 1.333-ஐக் கழித்து, மீதியின் அடுக்குக்குறியை (அந்த எண்ணை e-இன் அடுக்காகப் போடுவது) எடுத்தால் வெப்பநிலைக்கும் டிபை வெப்பநிலைக்கும் உள்ள விகிதம் வரும். பீட்டாவுக்கு எலக்ட்ரான் பங்கை முன்கூட்டியே கழித்துவிட வேண்டும். இப்படிப் போட்டால் பீட்டாவுக்கு 148 கெல்வின், ஆல்ஃபாவுக்கு 193 கெல்வின். புத்தக மதிப்புகளிலிருந்து இரண்டும் நன்றாகவே தள்ளி நிற்கின்றன. விகிதம் மட்டும் அதே 1.30! ஆக நம் முதல் கணக்கு பலித்தது ஓரளவு அதிர்ஷ்டம், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆல்ஃபாவின் அதிர்வுகள் பீட்டாவைவிடச் சராசரியாக 30 விழுக்காடு விறைப்பு என்ற செய்தி கெட்டியானது.

மாறும் வெப்பநிலை

மாறும் இடத்தில் இரண்டு அமைப்புகளின் கட்டிலா ஆற்றலும் சமம். ஆகவே ஆற்றல் வித்தியாசத்தை என்ட்ரோபி வித்தியாசத்தால் வகுத்தால் அந்த வெப்பநிலை வரும். 2100-ஐ 7.05-ஆல் வகுங்கள். 298 கெல்வின், அதாவது 25 டிகிரி செல்சியஸ். உண்மை 13.2. பன்னிரண்டு டிகிரி தள்ளிப் போய்விட்டதே என்று சோர்ந்துவிடாதீர்கள். ஓர் அணுவுக்கு 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்றால் மோலுக்கு 96.5 ஜூல். அதை 7.04-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 14 டிகிரி. நம் பிசகு 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு என்று பொருள்.

இந்த 14 டிகிரியை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். அடர்த்திச் சார்புக் கணக்கில் (டி.எஃப்.டி., எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் காணும் கணினி முறை) எந்தத் தோராயத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே இரண்டு அமைப்புகளின் ஆற்றல் வித்தியாசம் பத்து இருபது மில்லி எலக்ட்ரான் வோல்ட் எளிதாக மாறும். வெள்ளீயத்தில் அது மாறும் வெப்பநிலையை 140 முதல் 280 டிகிரி வரை தள்ளிவிடும். இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரில் பவோனே, பரோனி, தெ ஜிரோன்கோலி மூவரும் 1998-இல் ஃபோனான்களை, அதாவது படிகத்தின் அதிர்வு வகைகளை, முதல் தத்துவத்திலிருந்தே கணக்கிட்டு 38 டிகிரி செல்சியஸ் என்று கண்டார்கள். அது மிகச் சிறந்த கணக்கு. உங்கள் ஓட்டத்தில் 13.2 என்று அச்சாக வந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: சுழிநிலை ஆற்றல். குவாண்டம் விதிப்படி பூஜ்ய கெல்வினிலும் அணுக்கள் அதிர்கின்றன. விறைப்பான ஆல்ஃபாவுக்கு அந்த ஆற்றல் அதிகம். 60 கெல்வின் டிபை வித்தியாசத்துக்கு மோலுக்கு 0.56 கிலோஜூல் வரும். அதையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். உயர்வெப்பநிலைச் சூத்திரத்தோடு அதைச் சேர்க்கக் கூடாது. வெப்பநிலை ஏற ஏற இரண்டு அமைப்புகளின் அதிர்வு ஆற்றலும் ஒரே மதிப்பை நெருங்கும், சுழிநிலை வித்தியாசம் அதற்குள் கரைந்துவிடும். மடக்கைச் சூத்திரம் அதை உள்ளடக்கிவிட்டது. தனியாகவும் கூட்டினால் ஒரே பொருளை இரண்டு முறை எண்ணியதாகும், விடை 80 டிகிரி கீழே போய்விடும். முழு டிபை சார்பையோ முழு ஃபோனான் அடர்த்தியையோ வைத்துக் கணக்கிட்டால் மட்டும் சுழிநிலை ஆற்றலைச் சேருங்கள். அங்கே கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இந்தச் சுருக்க வழி வைரத்துக்குப் பொருந்தாது. அதன் டிபை வெப்பநிலை 2200 கெல்வினுக்கும் மேல். அறை வெப்பநிலையில் அதன் அதிர்வுகளில் பெரும்பாலானவை விழித்துக்கொள்ளவே இல்லை.

எவ்வளவு தூரம் ஆடுகிறது?

நிலைத்தன்மையின் இன்னொரு எல்லை உருகுதல். லிண்டமன் 1910-இல் முன்வைத்த எளிய எண்ணம்: அணுவின் அதிர்வு வீச்சு அண்டை தூரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை எட்டினால் படிகம் உருகும். கறாரான சட்டமில்லை, ஆனாலும் கைக்கணக்குக்கு அருமையான உரைகல்.

ஒரு திசையில் வீச்சின் சராசரி வர்க்கம் வேண்டுமானால், 145.5-ஐ வெப்பநிலையால் பெருக்கி, அணு நிறையாலும் டிபை வெப்பநிலையின் வர்க்கத்தாலும் வகுங்கள். விடை ஆங்ஸ்ட்ராம் வர்க்கத்தில் வரும். பீட்டாவுக்கு அணு நிறை 118.7, டிபை வெப்பநிலை 148, வெப்பநிலை 300 என்று போட்டால் 0.0168. மூன்று திசைகளுக்கும் சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் 0.22 ஆங்ஸ்ட்ராம். அண்டை தூரமான 3.02-இல் அது 7 விழுக்காடு. நம் அறையில் சும்மா இருக்கும் ஈயச்சொம்பில் ஒவ்வோர் அணுவும் இவ்வளவு தூரம் ஆடுகிறது! வெள்ளீயம் உருகும் 505 கெல்வினில் இதே கணக்கு 0.29 ஆங்ஸ்ட்ராம் தருகிறது, கிட்டத்தட்ட 10 விழுக்காடு. ரசம் கொதிக்கும் வரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்ட விடாது. காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் 232 டிகிரியில் ஒழுகிப் போகும்.

கல்லூரியில் எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவுக் கருவி இருந்தால் இந்த வீச்சை நீங்களே அளக்கலாம். சூடாக்கினால் பெருங்கோண முகடுகள்தான் முதலில் உயரம் குறையும். அந்தக் குறைவின் வேகத்தில் வீச்சு இருக்கிறது.

கற்பனை அதிர்வெண் வந்தால்

இதுவரை பார்த்தது, இரண்டுமே தம்மளவில் உறுதியான அமைப்புகள், அவற்றில் எது மேல் என்ற போட்டி. இன்னொரு வகை இருக்கிறது. அமைப்பே நிற்க முடியாத நிலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ப்ராஜெக்ட் நேரத்தில் அழுகையும் பதற்றமும் வருகின்றன.

குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற மென்பொருளில் விசைகளைக் கணக்கிட்டு, ஃபோனோபை என்ற மென்பொருளை வைத்து ஃபோனான் கோடுகளை (அலைத்திசையனுக்கு எதிரே அதிர்வெண்) வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில கோடுகள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். மென்பொருள் அதை எதிர் எண்ணாக அச்சிடும். உண்மையில் அது கற்பனை அதிர்வெண். அந்தத் திசையில் அணுவைத் தள்ளினால் திரும்பி வர விசை இல்லை, ஆற்றல் மலை உச்சியில் இருப்பதுபோல மேலும் விலகியே போகும்.

உடனே அந்தப் பொருளைத் தூக்கி எறியாதீர்கள். முதலில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். மையப்புள்ளிக்கு (மிக நீண்ட அலைநீளம்) வெகு அருகில், ஒலிக்கிளைகளில் (அண்டை அணுக்கள் சேர்ந்தே நகரும் அதிர்வுகள்), மிகச் சிறிய அளவில் மட்டும் வந்தால் பெரும்பாலும் எண்கணக்கின் பிழை. விசைகளை இன்னும் இறுக்கமாகக் குவியவிட்டு, மீக்கூட்டை (பல அலகுக்கூடுகளை அடுக்கிய கணக்குப் பெட்டி) பெரிதாக்கி, மீண்டும் ஓட்டுங்கள். மண்டல விளிம்பில், அதாவது மிகக் குறுகிய அலைநீளத்தில், ஆழமாக இறங்கி, மீக்கூட்டைப் பெரிதாக்கினாலும் அப்படியே நின்றால் அது உண்மை. அந்த அதிர்வின் திசையிலேயே அணுக்களைச் சற்று நகர்த்தி, அமைப்பைத் தளர விடுங்கள். பூஜ்ய கெல்வினில் அந்தப் பொருள் எந்த அமைப்புக்குப் போக விரும்புகிறது என்பதை அதுவே காட்டிவிடும்.

டைட்டானியம் இதற்குச் சரியான பாடம். 882 டிகிரி செல்சியஸ் வரை அறுங்கோண நெருங்கிய பொதிவு, அதற்கு மேல் பொருள்மையக் கனசதுரம். அந்தக் கனசதுரத்தைச் சீரிசைத் தோராயத்தில் (விசை விலகலுக்கு நேர் விகிதம் என்று கொள்வது) கணக்கிட்டால் கற்பனை அதிர்வெண்கள் வந்தே தீரும். ஆனால் 882 டிகிரிக்கு மேல் அது உண்மையில் இருக்கிறதே, நியூட்ரான் சிதறலில் அதன் ஃபோனான்களை அளந்தும் இருக்கிறார்கள்! அணுக்கள் பெரிதாக ஆடும்போது ஒன்றின் அதிர்வு மற்றொன்றின் விசையை மாற்றுகிறது. அந்தச் சராசரி விசையில் உச்சி பள்ளமாகிவிடுகிறது. அமைப்பைத் தாங்கி நிற்பதே வெப்பம்தான். இதைக் கணக்கில் பிடிக்க, வேண்டிய வெப்பநிலையில் மூலக்கூறு இயக்கவியல் ஓட்டி, அதிலிருந்து செயலுறு விசை மாறிலிகளைப் பொருத்தி எடுக்க வேண்டும். அணுசக்தி எரிபொருள் குழாய்களுக்குப் பயன்படும் சிர்கோனியமும் 863 டிகிரியில் இதே மாற்றத்துக்கு உள்ளாவதால், உலை விபத்து ஆய்வுகளில் இது ஏட்டுச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை.

டைட்டானியத்துக்கும் அந்த ஒரு பக்கக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். மாற்ற வெப்பம் மோலுக்குச் சுமார் 4.2 கிலோஜூல், வெப்பநிலை 1155 கெல்வின். என்ட்ரோபி வித்தியாசம் 3.6 ஜூல். 24.94-ஆல் வகுத்து அடுக்குக்குறி எடுத்தால் 1.16. கனசதுரத்தின் அதிர்வெண்கள் சராசரியாக 14 விழுக்காடு தாழ்ந்தால் போதும், ஓர் உலோகம் தன் அமைப்பையே மாற்றிக்கொள்கிறது.

ஓர் அதிர்வு மெல்ல மெல்லத் தளர்ந்து அமைப்பு மாறுவதை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர்களில் நம்மவர் இருக்கிறார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் நெடுங்காடியும் பெங்களூரில் குவார்ட்ஸைச் சூடாக்கி ராமன் நிறமாலை எடுத்தார்கள். 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸ் ஆல்ஃபாவிலிருந்து பீட்டாவுக்கு மாறும். அந்த வெப்பநிலையை நெருங்க நெருங்க 220 அலை எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கோடு மட்டும் மங்கி, அகன்று, பூஜ்யத்தை நோக்கிச் சாய்ந்தது. மற்றக் கோடுகளுக்கு அப்படி ஆகவில்லை. அந்த அதிர்வுக்கும் அமைப்பு மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1940-இலேயே எழுதினார்கள். 'மென் அதிர்வு' என்ற கோட்பாட்டை காக்ரனும் ஆண்டர்சனும் வளர்த்தெடுத்தது அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து. எந்தப் பாடப்புத்தகத்தில் இந்தப் பகுதி இருந்தாலும் நான் அங்கே நிறுத்தி இதைச் சொல்லாமல் நகர்வதில்லை.

கணினியில் உட்காரும்போது

இனி மென்பொருளுக்குப் போகலாம். வெப்பத்தால் படிகம் விரியும், விரிந்தால் பிணைப்பு தளரும், அதிர்வெண்கள் இன்னும் தாழும். அதைச் சேர்க்க ஒரே கன அளவில் ஓட்டினால் போதாது. சுருங்கியதிலிருந்து விரிந்தது வரை சில கன அளவுகளில் ஃபோனான்களைக் கணக்கிட்டு, ஒவ்வொரு வெப்பநிலையிலும் கட்டிலா ஆற்றல் எங்கே குறைவு என்று தேட வேண்டும். பகுதிச் சீரிசைத் தோராயம் என்பது இதுதான். பீட்டா வெள்ளீயம் கனசதுரம் அல்ல, நாற்கோணம். ஒவ்வொரு கன அளவிலும் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைத் தளர விடுங்கள், நிலையாக வைத்துவிடாதீர்கள். பீட்டா உலோகம் என்பதால் அலைத்திசையன் புள்ளிகளும் ஆல்ஃபாவைவிட நெருக்கமாக வேண்டும். ஃபோனோபை அணுவை நகர்த்தும் இயல்பான தூரம் 0.01 ஆங்ஸ்ட்ராம், பெரும்பாலும் அதுவே போதும்.

அதிர்வுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்துவிடவும் கூடாது. இரும்பு 912 டிகிரியில் முகப்புமையத்துக்கும் 1394 டிகிரியில் மறுபடி பொருள்மையத்துக்கும் மாறுகிறது. அங்கே காந்தவியலின் பங்கை விட்டால் கணக்கு நிற்காது. உயர்வெப்பநிலை அமைப்பின் அதிர்வுகள் விறைப்பாக இருப்பதாக உங்கள் கணக்கு காட்டினால், காந்தம், எலக்ட்ரான், அணுக்கலவை ஆகியவற்றின் என்ட்ரோபியைத் தேடுங்கள்.

அழுத்தம் பற்றி ஒரு வரி. வெள்ளீயத்தில் கன அளவு வித்தியாசமும் மாற்ற வெப்பமும் கையில் இருப்பதால் கிளாப்பிரான் சமன்பாட்டில் (அழுத்தத்தோடு மாறும் வெப்பநிலை எப்படி நகரும் என்று சொல்வது) போட்டால், ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு மாறும் வெப்பநிலை சுமார் 60 டிகிரி இறங்கும். அழுத்தம் இடத்தை அடைக்காத பீட்டாவின் பக்கம்.

குளிர்பதனப் பெட்டியில் ஈயச்சொம்பு

இந்தக் கணக்கைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "மேடம், ரசத்தோட சொம்பை அப்படியே ஃபிரிட்ஜில் வைப்போமே, 4 டிகிரிதானே, ஏன் பொடியாகவில்லை?"

கட்டிலா ஆற்றல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் சொல்லும். எவ்வளவு வேகமாக என்று சொல்லாது. 4 டிகிரியில் இரண்டு அமைப்புகளுக்கும் உள்ள வித்தியாசம், 9.2 டிகிரியை 7.04-ஆல் பெருக்கினால், மோலுக்கு 65 ஜூல்தான். அதாவது அணுவுக்கு 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட்கூட இல்லை. அவ்வளவு சிறிய உந்துதலை வைத்துக்கொண்டு, 26 விழுக்காடு உப்ப வேண்டிய ஒரு கரு (ஆல்ஃபாவின் முதல் சிறு துணுக்கு) திட உலோகத்தின் நடுவே தன்னைத்தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அது நடப்பதில்லை. இன்னும் குளிர்ந்தால் உந்துதல் கூடும், ஆனால் அணுக்களின் நகர்வு மந்தமாகும். இரண்டும் சமரசமாகி, மாற்றம் வேகமாக நடப்பது சுமார் கழித்தல் 30 முதல் கழித்தல் 40 டிகிரி வரை. அங்கேயும் முதல் கரு தோன்ற மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகலாம். காரீயம், பிஸ்மத், ஆன்டிமனி சிறிதளவு கலந்திருந்தால் இன்னும் தாமதம். 2006 ஜூலை முதல் ஐரோப்பாவில் மின்னணுப் பொருள்களின் பற்றாசில் காரீயத்துக்குத் தடை வந்தபின், குளிரில் இயங்க வேண்டிய கருவிகளைச் செய்கிறவர்கள் இந்தக் கேள்வியை மறுபடி கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

விதை கொடுத்தால் கதை மாறும். இண்டியம் ஆன்டிமனைடு, காட்மியம் டெல்லுரைடு இரண்டின் அலகுக்கூட்டுப் பக்கமும் 6.48 ஆங்ஸ்ட்ராம், ஆல்ஃபா வெள்ளீயத்தின் 6.489-க்கு மிக அருகில். அவற்றின் மேல் மெல்லிய படலமாக வளர்த்தால் ஆல்ஃபா அறை வெப்பநிலையைத் தாண்டியும் நிற்கிறது. ஆகவே அறிக்கை எழுதும்போது மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்: எல்லா ஃபோனான்களும் நேர் எண்களா, கட்டிலா ஆற்றலில் எது கீழே, அங்கே போய்ச் சேர வழி திறந்திருக்கிறதா. முதல் இரண்டுக்கு உங்கள் கணக்கு பதில் சொல்லும். மூன்றாவதற்குக் குளிர்சாதனமும் விதையும் பொறுமையும் வேண்டும். அந்தச் சோதனையைச் செய்ய விரும்பினால் சுத்தமான வெள்ளீயத் துண்டை எடுத்து, மேற்பரப்பின் ஆக்சைடைச் சுரண்டி, காட்மியம் டெல்லுரைடில் நச்சுத்தன்மை உண்டு என்பதால் இண்டியம் ஆன்டிமனைடுத் துகளையே அதன்மேல் அழுத்திவிட்டு, கழித்தல் 30 டிகிரி உறைகலனில் வையுங்கள்.